கேசரியில் ஒன்றும் இல்லை

வேண்டாங்க, நீங்களே சாப்பிடுங்கள். முறுக்கைக் குறை சொல்லவில்லை. யார் சுட்டது என்று நான் கேட்டது தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் யார் எதை நீட்டினாலும் வாயில் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. உங்கள் மருமகள் சுட்டதா? சரிங்க, அப்படியானால் ஒன்று கொடுங்கள். தின்பதற்கு இல்லை. இந்தப் பையில் போட்டுவைத்துக்கொள்கிறேன். மேலே தேதி எழுதுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், தொழில் பழக்கம்.

பசியில்லைங்க. அதுதான் விஷயமே.

நீங்கள் திருச்சி வரைக்குமா? நான் முசிறியில் இறங்கிவிடுவேன். அதற்குள் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் காரணமான பேச்சு நடந்தபோது நான் அந்த இடத்தில் இல்லை. பெண் வீட்டுக்குப் பின்னால் போர்வெல் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பேச்சு எனக்குச் சின்னம்மா வழியாக வந்தது. சின்னம்மா பொய் சொல்ல மாட்டார். ஆனால் நடுநடுவே விட்டுவிடுவார். அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நான் பேசுவது எழுதிவைத்துப் படிப்பது போல இருக்கிறதா? எல்லோரும் சொல்கிறார்கள். ரிப்போர்ட் எழுதி எழுதி அப்படி ஆகிவிட்டது. என் பெயர் பூபதி. நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலையில் தரம் பார்க்கிறவன். எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான்தான், வேதியியல். அதனால் எதையாவது தப்பாகச் சொல்லிவிட்டால் பட்டத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று எப்போதும் உள்ளே ஒரு பயம். லாரியில் மக்காச்சோளம் வந்தால் மூட்டைக்குள் குத்தூசியை விட்டுக் கொஞ்சம் உருவி எடுப்பேன். ஈரம் பார்ப்பேன், பூஞ்சை பார்ப்பேன். மிச்சத்தைப் பையில் போட்டுத் தேதி எழுதி அலமாரியில் வைத்துவிடுவேன். பின்னால் கோழி செத்துப்போச்சு என்று யாராவது சண்டைக்கு வந்தால் நான் பேச மாட்டேன், அலமாரி பேசும்.

தீவனத்தில் கருவாட்டுத் தூள் சேர்ப்பார்கள். அந்த வாசனை எவ்வளவு குளித்தாலும் போகாது. பெண் பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் என்னை ஜன்னல் பக்கமாகவே உட்கார வைப்பார்கள். மரியாதை என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். இப்போதும் வருகிறதா? ஜன்னலை நன்றாகத் திறந்துகொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.

இப்படியே பல வீடு பார்த்தாகிவிட்டது. எல்லா வீட்டிலும் ‘சொல்லி அனுப்பறோம்’ என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. அப்போதுதான் முசிறியில் கோகிலவாணி என்று ஒரு வரன் வந்தது. திருச்சியில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. அம்மாவுக்குப் பயம், நம்மைவிடப் படித்த பெண்ணாயிற்றே என்று. எனக்கும் பயம்தான். ஆனால் போனோம். நான், அம்மா, சின்னம்மா.

கேசரி கொடுத்தார்கள். சாப்பிட்டேன். அதில் நான் சாம்பிள் எடுத்துவைக்கவில்லை. இன்றுவரை அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

பிறகு என்னையும் கோகிலவாணியையும் கொஞ்சம் பேசுங்கள் என்று மாடிக்கு அனுப்பினார்கள். மேலே போனதும் அவர் மூக்கை உறிஞ்சினார். நான் ஜன்னலைத் தேடினேன். மொட்டைமாடியில் ஏது ஜன்னல்?

“இது என்ன வாசனை?” என்றார்.

“கருவாட்டுத் தூளுங்க.”

“தீவனத்துல புரதத்துக்காகவா?”

“ஆமாங்க, புரதத்துக்காக.”

“நானும் நாள் முழுக்கப் புரதத்தோடதான் குடும்பம் நடத்தறேன்” என்று சிரித்தார். அப்புறம் ஒன்று கேட்டார். ஒரு லாரி மக்காச்சோளம் எப்படிப்பட்டது என்று ஒரு கைப்பிடியை வைத்து எப்படிச் சொல்கிறீர்கள் என்று. ஓரத்தில் ஒரு குத்து, நடுவில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து என்று நான் காற்றில் குத்திக் காட்டினேன். அவர் கண்ணை எடுக்காமல் கேட்டார். நான் மக்காச்சோளத்தைப் பற்றிப் பேசுவதை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லைங்க. வீட்டில் அம்மா கேட்பார், ஆனால் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்பார்.

கீழே இறங்கும்போது படி இருப்பதை மறந்துவிட்டேன். உருண்டு விழவில்லை, அவருடைய அப்பா பிடித்துக்கொண்டார். அறிகுறிகளில் அதைத்தான் முதலாவதாக எழுதிவைத்திருக்கிறேன். கேசரி தின்றபோது ஒன்றும் ஆகவில்லை. மாடியிலிருந்து இறங்கும்போதுதான் ஆரம்பித்தது. கேசரி வேலை செய்ய அவ்வளவு நேரம் எடுக்கும் போலிருக்கிறது என்று பின்னால் நினைத்துக்கொண்டேன்.

விழப்போனவனை அவருடைய அப்பா அப்படியே தோளில் கைபோட்டு மோட்டாரைக் காட்டக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த நேரத்தில்தான் உள்ளே அந்தப் பேச்சு. இனிச் சின்னம்மா சொன்னது.

“ஏங்கண்ணு, என்னமோ பெரிய படிப்புன்னாங்களே, என்ன படிக்கறே?” என்று அம்மா கேட்டாராம்.

“மருந்து வடிவமைக்கிறதுங்க அத்தை.”

“மருந்துக் கடைக்கா?”

“இல்லைங்க. இதுவரைக்கும் யாருமே செய்யாத புது மருந்து. கம்ப்யூட்டர்லயே செஞ்சு பாக்கறது.”

“அது எப்படி கண்ணு வேலை செய்யும்?”

யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போலக் கோகிலவாணி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாராம். இடதுகை விரல்களைக் குவித்துக் குழி மாதிரி வைத்துக்கொண்டு, வலதுகை விரலை அதற்குள் விட்டுக் காட்டினாராம். “உள்ளே இப்படி ஒரு குழி இருக்கும் அத்தை. மருந்து நேரா போயி அந்தக் குழியில உக்காரணும். உக்காந்தா எந்திரிக்கவே கூடாது. என்ன பண்ணாலும் விடாம ஒட்டிக்கணும்.”

“விட்டுருச்சுன்னா?”

“விட்டா அது மருந்தே இல்லைங்க. தூக்கிப் போட்டுட்டு அடுத்ததைப் பாப்போம். எங்கிட்ட பத்து லட்சம் இருக்கு.”

பத்து லட்சம் என்றதும் சின்னம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாராம். மருந்தின் கணக்கு என்று தெரிந்ததும் மறுபடி சாய்ந்துகொண்டாராம்.

“சாப்பிடறவங்களுக்குத் தெரியுமா கண்ணு?”

“ஒண்ணுமே தெரியக்கூடாதுங்க. கசப்பு, வாசனை எதுவும் இருக்கக்கூடாது. உள்ள போயி சத்தமில்லாம புடிச்சுக்கணும்.”

“மொதல்ல யாருக்குக் குடுப்பீங்க?”

“மொதல்ல எலிக்குங்க. எலி தாங்கிருச்சுன்னா அப்புறம் மனுசங்களுக்கு.”

அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டார். சின்னம்மாவும் வைத்துவிட்டார், ஆனால் அவர் தட்டு ஏற்கெனவே காலி.

உங்கள் பக்கம் எப்படியோ, எங்கள் பக்கம் மருந்து என்றால் காய்ச்சலுக்குத் தின்கிறது மட்டும் இல்லைங்க. ஒரு பெண் ஒருத்தனைத் தன் பின்னால் சுற்றவைக்க வேண்டும் என்றால் சோற்றிலோ பலகாரத்திலோ எதையோ கலந்து கொடுத்துவிடுவாள், அது வயிற்றுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அவன் தின்ன மாட்டான், தூங்க மாட்டான், அவள் பேரைச் சொல்லிக்கொண்டே திரிவான் என்று சொல்வார்கள். மருந்து வைத்துவிட்டாள் என்றால் அதுதான் அர்த்தம். நான் இதை நம்புகிறவன் இல்லை. அதே நேரம், சோதித்துப் பார்க்காமல் ஒன்றை இல்லை என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை.

காரில் திரும்பும்போது அம்மா என் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார். மோகனூர் தாண்டியதும், “அங்க தண்ணி குடிச்சியா?” என்று கேட்டார். குடித்தேன் என்றேன். ஒரு பெருமூச்சு விட்டார்.

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. தூக்கமும் இல்லை. ஆலையில் ஒரு லோடுக்கு ஈரப்பதம் எழுத வேண்டிய இடத்தில் ‘முசிறி’ என்று எழுதிவிட்டேன். லாரி டிரைவர் வந்து, “சார், இது எந்த அளவுங்க, கூடவா கொறச்சலா?” என்று கேட்டார்.

அம்மா ஒருநாள் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

“பசிக்கலையா சாமி?”

“பசிக்கலைம்மா.”

“தூக்கம்?”

“வரலைம்மா.”

“அந்தப் புள்ள நெனப்பா?”

எனக்குப் பொய் சொல்ல வராதுங்க. “பெரும்பாலான நேரம்” என்றேன்.

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். “வெச்சுட்டாளே! கேசரியில வெச்சுட்டாளே! அவ வாயாலேயே சொன்னாளே, குழியில போயி உக்காந்தா எந்திரிக்காதுன்னு!”

“அம்மா, நீயும்தானே கேசரி சாப்பிட்டே?”

“நான் பொம்பள. எனக்குப் புடிக்காது.”

“சின்னம்மா ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க.”

“அவளை விடு. அவளுக்கு எதுவும் புடிக்காது. எலி மருந்தையே குடுத்தாலும் ஏப்பம் விட்டுட்டுத் தூங்குவா.”

சின்னம்மா உள்ளே இருந்து, “எனக்குக் கேக்குது” என்றார்.

‘மருந்து எடுக்கப்படும்’ என்று போர்டு பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் அப்படி வயிற்றிலிருந்து எடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மருந்தெடுக்கிறவர் பச்சையாக ஒரு சாறு கொடுத்துக் குடிக்கச் சொன்னார். குடித்ததும் என்ன ஆனது என்பதை நீங்கள் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருப்பதால் சொல்லவில்லை. எதிரில் ஒரு குண்டா. அவர் என் வயிற்றைத் தடவினார், கண்ணை மூடச் சொன்னார், என்னமோ முணுமுணுத்தார், திறக்கச் சொன்னார். குண்டாவுக்குள் கையைவிட்டு ஒரு உருண்டையை எடுத்துக் காட்டினார். மஞ்சளாக, முடி முடியாக. கையை விடுவதற்கு முன்னால் அந்தக் கையில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்ததால் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

“பாருங்க ஆத்தா, எத்தனை கெட்டியா வெச்சிருக்கா! விவரமான பொண்ணு” என்றார் அவர்.

“ஆராய்ச்சி பண்றவ சாமி” என்று அம்மா அழுதார்.

நான் பையை எடுத்து நீட்டினேன். “பாதி எனக்கு வேணுங்க.”

“எதுக்குத் தம்பி?”

“சாம்பிள்.”

“இதை வீட்டுல வெக்கக் கூடாது. முழுசையும் ஓடற தண்ணியில விடணும்.”

“முழுசையும் விட்டுருங்க. பாதியை மட்டும் குடுங்க.”

“முழுசையும் விட்டா பாதி எங்கிருந்து வரும்?”

“அப்பப் பாதியை விடுங்க.”

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். எங்கள் ஆலையில் லாரிக்காரருக்குப் பாதி, நமக்குப் பாதி என்பதுதான் வழக்கம் என்று எடுத்துச்சொன்னேன். கடைசியில் கிள்ளிக் கொடுத்தார். தேதி எழுதி, ‘எடுத்த இடம்: வயிறு’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்று மாலை எனக்குப் பசித்தது. காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்மா கண்ணீரோடு தோசை வார்த்தார். இரண்டாவது தோசையில் கைவைக்கும்போது போனில் ஒரு செய்தி. ‘மழையில் நனைந்த மக்காச்சோளத்தை என்ன செய்வீர்கள்? கோகிலவாணி.’ அவ்வளவுதான். தோசை அப்படியே நின்றுவிட்டது.

“பாதியைப் பையில போட்டு வெச்சிருக்கியே, அதான்!” என்றார் அம்மா.

அந்த உருண்டையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்து மருந்து ஆராய்ச்சி செய்கிறவர் ஒரே ஒருவர்தான். அவருக்கே எழுதினேன். ‘ஒரு பொருளைச் சோதித்துச் சொல்ல முடியுமா? என் வயிற்றிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. நீங்கள் வைத்ததாகவும் சொல்லப்படுகிறது. இரண்டும் உறுதியாகவில்லை.’ ‘எடுத்துக்கொண்டு வாங்க’ என்று பதில் வந்தது.

திருச்சிக்குப் போனேன். ஆய்வகம் என்றால் குழாய், குடுவை, அமில வாசனை என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒரு டம்ளர்கூட இல்லைங்க. வரிசையாகக் கம்ப்யூட்டர், நடுங்கவைக்கிற ஏசி, மூலையில் ஒரு செடி. தொட்டுப் பார்த்தேன், அதுவும் பிளாஸ்டிக்.

அவர் பையை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். “பொண்ணு பாத்துட்டுப் போனா எல்லாரும் ஜாதகம் அனுப்புவாங்க” என்றார்.

நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். குழி, எலி, குண்டா, எல்லாம். முதலில் அவர் முகம் சிவந்தது. எழுந்து வெளியே போய்விட்டார். முடிந்தது என்று நினைத்தேன். கதவுக்கு வெளியே சத்தம் கேட்டது, அழுகிறாரோ என்று போய்ப் பார்த்தால் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“நான் கிருமின்னு சொன்னேனே! காசநோய்க் கிருமிக்குள்ள ஒரு புரதம், அதுல ஒரு குழின்னு ரெண்டு தடவை சொன்னேன்!”

சின்னம்மா சொன்னதில் கிருமியே இல்லை. பின்னால் விசாரித்தேன். அந்த இடத்தில் குக்கர் இரண்டு முறை விசில் அடித்ததாம். சின்னம்மாவுக்கு விசில் நினைவிருக்கிறது.

உருண்டையைக் கீழ்த்தளத்தில் தாவரவியல் படிக்கும் தோழியிடம் கொடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். மைதா, மஞ்சள், தேங்காய் நார் என்று பதில் வந்தது. கேசரியில் இதில் எதுவும் கிடையாது. அன்று நான் வேறெதுவும் மைதாவில் சாப்பிடவும் இல்லை. அப்படியானால் அது எப்படி வயிற்றுக்குள் போனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லைங்க. ஏன் சிரிக்கிறீர்கள்?

“சரி, கேசரியையும் விட்டுவைக்க வேண்டாம்” என்று அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். பசி சம்பந்தமான புரதம் ஒன்றின் படத்தைத் திரையில் கொண்டுவந்தார். சுருட்டிப்போட்ட ரிப்பன் மாதிரி இருந்தது. அதில் ஒரு குழி. ஏலக்காய்க்கு வாசனை தருகிற பொருளை அதற்குள் விட்டார். அது இப்படித் திரும்பி அப்படித் திரும்பி உட்காரப் பார்த்தது. பக்கத்தில் ஒரு எண் வந்தது. மைனஸ்.

“மைனஸ்னா தோத்துப் போச்சுங்களா?” என்றேன்.

“இல்லை, இங்க மைனஸ் எவ்வளவு கூடுதோ அவ்வளவு நல்லது. அவ்வளவு கெட்டியா ஒட்டும்னு அர்த்தம். இது ரொம்பக் கம்மி. ஏலக்காய் உங்க பக்கத்துலயே வரலை.”

நெய்யில் இருப்பதைப் போட்டார். முந்திரியில் இருப்பதைப் போட்டார். ஆரஞ்சுச் சாயத்தைப் போட்டார். எதுவும் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் உதட்டைப் பிதுக்கிக் காட்டினார். அந்த உதட்டைப் பிதுக்குகிறதை நான் குறித்துக்கொள்ளவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

அப்போது எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகம் வந்தால் கேட்டுவிட வேண்டும். “இதுவரைக்கும் நீங்க வடிவமைச்ச மருந்துல ஏதாவது வேலை செஞ்சிருக்குங்களா?”

அவர் மவுஸைத் தள்ளிவைத்தார். “இல்லை” என்றார். “நாலு வருசம். இங்க திரையில எல்லாமே அழகாப் போயி உக்காருது. பட்டியல்ல மேல இருக்கறதைப் பொறுக்கி எடுத்து வாங்கிச் சோதனைக்கு அனுப்பினா, நிஜத்துல ஒண்ணுகூட ஒட்டறதில்லை. எல்லாரும் ‘இன்னும் முயற்சி பண்ணு’ம்பாங்க. இப்படி நேராக் கேட்டது நீங்கதான்.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “ஒட்டலைங்கறது தெரியுதே, அது நல்லதுதானுங்க” என்றேன். “நான் திருப்பி அனுப்பின லோடுனால எந்தக் கோழியும் செத்ததில்லை.”

அவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கீழே கூட்டிக்கொண்டுபோய் போண்டா வாங்கிக் கொடுத்தார். என்னால் ஒரு வாய்கூடத் தின்ன முடியவில்லை. அதையும் சொன்னேன்.

“அப்ப இன்னும் பசிக்கலையா?”

“இல்லைங்க. கேசரியில ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சப்புறம் இன்னும் மோசமாயிருச்சு.”

அவர் என் போண்டாவையும் எடுத்துத் தின்றுகொண்டே சொன்னார். “ஒண்ணு பண்ணுங்க. காரணம் என்னன்னு கண்டுபிடிச்சுட்டு வீட்டுக்கு வாங்க. அப்பத்தான் என் பதிலைச் சொல்வேன். எல்லாத்தையும் பாத்துட்டு வரணும், ஒண்ணையும் விடக்கூடாது.”

கேட்டீர்களா? என் கல்யாணமே இதில்தான் நிற்கிறது. இதில் இன்னொரு கஷ்டம், வருகிற வெள்ளிக்கிழமை கரூரிலிருந்து வேறொருவர் அவரைப் பார்க்க வருகிறாராம். வங்கியில் வேலை. அவருக்கு நன்றாகப் பசிக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். “அம்மா, பயப்படாதே. அவங்க செஞ்ச மருந்து நாலு வருசத்துல ஒண்ணுகூட வேலை செஞ்சதில்லை.”

அம்மா முகம் தெளியும் என்று பார்த்தால் இன்னும் சுருங்கியது. “ஒண்ணுகூடவா? நாலு வருசமா அப்ப என்ன பண்ணுனா? வேலை தெரியாத புள்ளையையா எந்தலையில கட்டப் பாக்கறாங்க?”

“அம்மா, ஒண்ணு மருந்து வெச்சாங்கன்னு சொல்லு, இல்லாட்டி வெக்கத் தெரியலைன்னு சொல்லு. ரெண்டையும் சேத்துச் சொல்ல முடியாது.”

“ஏன் முடியாது? நான் உன்னைப் பெத்தவ.”

சின்னம்மா பருப்பு பொறுக்கிக்கொண்டே, “ஏன்க்கா, வேலை செய்யாத மருந்துக்கா இவன் இப்படி எளைச்சுக் கெடக்கறான்?” என்றார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “டேய், அவகூடப் பேசறப்பப் பசிக்குதா?”

“அப்பச் சுத்தமா இல்லைம்மா.”

“பேசாத அன்னைக்கு?”

“அன்னைக்கும் இல்லை.”

“கரூர்க்காரன் வர்றான்னு கேட்டப்ப?”

“அப்ப வயிறே இல்லாத மாதிரி இருந்துச்சு.”

அம்மா சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மா முறத்தைக் கீழே வைத்தார். இரண்டு பேரும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படிச் சிரித்தார்கள். டிவியில் ஏதோ நகைச்சுவை ஓடுகிறதாக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். செய்திதான் ஓடியது.

“எனக்குச் சம்மதம்டா” என்றார் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“காரணம் தெரியாம எப்படிம்மா?”

“காரணம் தெரிஞ்சுதான் சொல்றேன்.”

“என்ன காரணம்?”

“போடா!” என்றார். அவ்வளவுதான் சொன்னார். விவரமாகச் சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டிருப்பேன்.

இதோ, இந்த உறையில் இருக்கிறது என் ரிப்போர்ட். ஏலக்காய், நெய், முந்திரி, சாயம், வயிற்றிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட உருண்டை, அந்த வீட்டுத் தண்ணீர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆமாங்க, தண்ணீரும். மோட்டாரை மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லிப் போய் ஒரு பாட்டிலில் பிடித்து வந்தேன். நல்ல தண்ணீர், கொஞ்சம் சுண்ணாம்பு. எல்லாவற்றுக்கும் எதிரே ‘இல்லை’. கீழே கடைசி வரியில், ‘காரணம் தெரியவில்லை, கோகிலவாணியின் அருகில் அறிகுறிகள் கூடுகின்றன, தூரத்திலும் கூடுகின்றன’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தோற்றுவிட்டேன் என்றுதானே அர்த்தம்? கொடுக்காமல் இருந்தால் வெள்ளிக்கிழமை வந்துவிடும். அதனால்தான் போகிறேன். பாருங்கள், உறையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இதையும் அறிகுறியில் சேர்க்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியை அப்படியே அவர் கையில் கொடுத்தால் போதுமா? உறுதியாகச் சொல்கிறீர்களா? மற்ற பக்கமெல்லாம் வேண்டாமா? அதெப்படிங்க, ஆதாரம் வேண்டாமா? கண்டக்டர் அண்ணா, நீங்களுமா கேட்டுக்கொண்டிருந்தீர்கள்? நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? சரி, பாலம் தெரிகிறது, முசிறி வந்துவிட்டது. இந்தாங்க, உங்கள் முறுக்கு. இல்லை, பையிலேயே இருக்கட்டும்.

இறங்குவதற்கு முன் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் முழுசாகச் சொன்னதாகாது. அன்றைக்குக் கேசரியைக் கோகிலவாணி செய்யவே இல்லை. அவருக்கு அடுப்படியில் வெந்நீர் மட்டும்தான் வருமாம், அவரே எழுதியிருந்தார். அவருடைய அப்பா கைகாட்டிப் பக்கம் ஒரு கடையில் வாங்கியது. அதைக் கேள்விப்பட்டு நான் சும்மா விடவில்லை, போன வாரம் நேரில் போய் விசாரித்தேன். அந்தக் கடை மாஸ்டர் தினமும் கேசரி கிண்டியதும் முதல் கரண்டியைத் தானே தின்று பார்ப்பாராம், அன்றைக்கும் தின்றிருக்கிறார். பசி எப்படி என்று கேட்டேன், வேளைக்கு ஆறு இட்லி என்றார். தூக்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. மைதா மூட்டை மேல் படுத்திருந்த அந்த மனிதரை நானும் கல்லாவில் இருந்தவரும் டீ குடிக்க வந்த ஒருவரும் சேர்ந்து உலுக்கித்தான் எழுப்பினோம்.